படையலில் வைத்த நாவல்

“என்னங்க, பாதி புத்தகம் முடிஞ்சிருச்சி. இன்னும் ஒரு சட்டகூட நனையல லா!”

அன்று சாயங்காலம் நீலாவதி இப்படிச் சொல்லிவிட்டு, கையிலிருந்த நாவலைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் தொப்பென்று போட்டாள். பிறகு காய்ந்த துணிகளை மடித்தாள். எனக்குத் தேநீர் கலக்கித் தந்தாள். சீனி பத்தவில்லை என்றேன். “ஒங்க சுகருக்கு இது போதும்” என்றாள். மறுநாள் காலை அவள் எழவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாக டாக்டர் சொன்னார்.

அந்த நாவல் எங்கள் மகன் சத்தியசீலன் கோலாலம்பூர் புத்தகச் சந்தையில் வாங்கி வந்தது. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு, சலவைக்கடை நடத்திப் பெரும் பணக்காரர்களான ஒரு கறுப்பினத் தம்பதியின் கதை. யாரோ தமிழில் பெயர்த்திருந்தார்கள். அட்டையில் ஆம்ப்ரோஸும் அவர் மனைவி டீலியாவும் குதிரை வண்டியில் வீற்றிருப்பார்கள். அவர் தலையில் உயரமான தொப்பி, அந்த அம்மாள் கைகளில் வெள்ளைக் கையுறை.

நீலா அட்டையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நாங்களும் ரந்தாவ் ஊரில் டோபி கடை நடத்தியவர்கள்தான். இரண்டு பேரும் லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வீடுகளில் பிறந்தோம். ஒரு பழைய இயந்திரத்தில் தொடங்கி, சொந்த வீடு, ஒரு வேன் என்ற அளவுக்கு வந்தோம். குதிரை வண்டி இல்லை, அவ்வளவுதான். “இது நம்ம கததாங்க. ஊருதான் வேற” என்று படிக்கும் முன்பே அவள் தீர்மானித்துவிட்டாள்.

ஏமாற்றம் மெதுவாகத்தான் வந்தது. முதல் அத்தியாயத்தில் ஒரு விருந்து. சரி, பணக்காரர்கள், சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டாள். இரண்டாம் அத்தியாயத்தில் திரைச்சீலை வாங்கினார்கள். மூன்றாவதில் அதை மாட்டினார்கள்.

“சவுக்காரம் எப்பங்க வரும்?”

“பொறு. வரலாற்று நாவல்னா அப்படித்தான் மெதுவா வரும்” என்றேன்.

நான்காவதில் திரைச்சீலையைப் பார்க்க விருந்தாளிகள் வந்தார்கள்.

நியாயமாகச் சொன்னால் நாவலாசிரியர் உழைத்திருந்தார். எந்தத் தெருவில் எந்த விளக்கு எரிந்தது, மேசையில் என்ன கரண்டி இருந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மக்கள் என்றாலே சாட்டையும் கண்ணீரும்தான் என்று எழுதுகிறவர்களுக்கு நடுவில், சிறப்பாகவும் வாழ்ந்தார்கள் என்று காட்ட நினைத்திருக்கலாம். நீலாவிடம் அதைச் சொன்னேன்.

“நல்லா வாழட்டுமே, நானா வேணாங்கறேன்? அந்தம்மா பட்டு உடுத்துனா எனக்கும் சந்தோஷந்தான். ஆனா அந்தப் பட்டு எப்படி வந்துச்சின்னு சொல்ல வேணாமா? ஒரு சட்ட தொலையல, ஒரு துணி சாயம் போகல. புருஷன் பொஞ்சாதி சேந்து கட நடத்துறாங்க, ஒரு சண்ட கெடையாது. நம்புற மாதிரியா இருக்கு?”

ஒருமுறை தோட்டத்தில் கணக்கெழுதும் கிரானியின் வெள்ளைச் சட்டைகளோடு மாரியம்மன் கோயில் சிவப்புத் துணியையும் சேர்த்து இயந்திரத்தில் போட்டவன் நான். கிரானி ஆபீசுக்கு ரோஜா நிறத்தில் போய்வந்தார். அந்த வாரம் முழுக்க நீலா என்னிடம் பேசவில்லை. துணி எண்ணும்போது எண்களை மட்டும் சொன்னாள், அதுவும் சுவரைப் பார்த்து.

ஆனால் மகன் போனில் கேட்டபோதெல்லாம், “நல்லா இருக்குப்பா” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். “புள்ள ஆசையா வாங்கியாந்தான். வாய தொறக்காதீங்க” என்று எனக்கு உத்தரவு.

கருமாதிக்கு அவள் தங்கை பஞ்சாலை, தம்பின் ஊரிலிருந்து முதல் ஆளாக வந்து, படையல் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும் என்பது வழக்கம். நெத்திலிச் சம்பல், கோழிப் பிரட்டல், முறுக்கு, கெட்டியாகக் கலக்கிய மைலோ, புதுச் சேலை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், படத்துக்கு முன்னால், சேலையின் மேல், சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகை சுற்றி, ஆம்ப்ரோஸும் டீலியாவும் குதிரை வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள்.

“இது எதுக்கு?” என்றேன்.

“என்னா மாமா இப்படிக் கேக்கறீங்க! கடைசிவரைக்கும் அக்கா கையில இருந்த புத்தகம். எவ்வளவு புடிச்சிருந்தா பாதியில அடையாளம் வச்சிருக்கும்!”

பக்கத்தில் சத்தியசீலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். “நான் அம்மாவுக்கு வாங்கிக் குடுத்த கடைசிப் பொருளுப்பா.”

அவள் வயிறு எரிந்து வைதது இந்த ஒரு புத்தகத்தைத்தான். அதை மாலை போட்டு அவள் முன்னாலேயே வைத்திருக்கிறோம். எடுக்கச் சொன்னால் பையன் உடைந்து போவான். விட்டுவிட்டால், கடைசியாகக் கொடுப்பதையும் தப்பாகக் கொடுத்து அனுப்புகிறோம். வாயைத் திறக்காதே என்றவள் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சூடம் ஏற்றிக் காட்டினேன்.

இலைச் சோற்றை எடுத்துக்கொண்டு காக்கைக்கு வைக்கக் கொல்லைப்புறம் போனோம். மதிலுக்கு அப்பால் செம்பனை மரத்தில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. சோற்றைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. திரும்பி முதுகைக் காட்டியது.

“அக்காவுக்கு ஏதோ கொற” என்றாள் பஞ்சாலை. “அக்கா! ஒன்னோட பெரிய அண்டா எங்கிட்டதான் இருக்கு. தீபாவளிக்கு கொண்டாந்து குடுத்துர்றேன். வந்து சாப்புடு!”

காக்கை அசையவில்லை.

“அம்மா, நான் சிகரெட்ட விட்டுர்றேன்” என்றான் சத்தியசீலன்.

“நீ சிகரெட் குடிப்பியா?” என்றாள் பஞ்சாலை.

“இப்ப அதுவா சின்னம்மா முக்கியம்?”

காக்கை இன்னும் மேல் மட்டைக்குப் போய் உட்கார்ந்தது. வெயில் ஏறியது. சோறு காயத் தொடங்கியது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். மல்லிகையை உருவி இலையில் வைத்தேன்.

“நீலா, இது ஒனக்குப் புடிக்கலன்னு எனக்குத் தெரியும். எடுத்துட்டேன். மிச்சத்த நான் படிக்கிறேன். அவங்க ஏதாச்சும் தொவச்சா வந்து சொல்றேன். இப்ப சாப்புடு.”

பஞ்சாலை வாயில் கையை வைத்துக்கொண்டாள். நான் மகனைப் பார்க்கப் பயந்து மரத்தையே பார்த்தேன்.

“அம்மாவுக்குப் புடிக்கலியாப்பா?”

“ஒரு சட்டகூட நனையலன்னு ஒரே ஏச்சு.”

அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்தான்.

“எனக்கு அப்பவே சந்தேகம்பா. ‘நல்லா இருக்கு’ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சாங்க. அம்மாவுக்கு ஒன்னு புடிச்சிருந்தா அர மணி நேரம் கொற சொல்லுவாங்களே!”

“ஆமா லா. என் கலியாணச் சேலைய நாலு நாள் கொற சொல்லிச்சி” என்று பஞ்சாலையும் சிரித்தாள். மூவரும் மதிலோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தபோது காக்கை இறங்கி வந்து நெத்திலியை மட்டும் பொறுக்கித் தின்றது. எங்களைக் கவனிக்கவே இல்லை.

சொன்ன சொல்லுக்காக மிச்சத்தையும் படித்தேன். இன்னும் இரண்டு விருந்துகள் இருந்தன. கடைசி அத்தியாயத்தில், மாதாகோயிலிலிருந்து வீடு திரும்பும் வழியில் பெரும் மழை பிடித்துக்கொள்கிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆம்ப்ரோஸ் குடையை விரித்தார். டீலியா அவரை ஒட்டி நடந்தாள். இருவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரு சட்டைகூட நனையவில்லை.