விட்டவர்கள் பட்டியல்

ஜனவரி முதல் தேதியிலிருந்து எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் சிகரெட் விற்கக் கூடாது என்று நகர சுகாதாரக் குழு உத்தரவு போட்டது. பாஸ்டனுக்குத் தெற்கே, சிப்பிப் படகுகளை நம்பிப் பிழைக்கும் துறைமுக ஊர். பகலில் கியோ என்பவரின் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மாலையில் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறேன். தடையால் புகைப்பவர்கள் குறைகிறார்களா என்பதையே பாடத்துக்கான ஆய்வாக எடுத்துக்கொண்டேன். டிசம்பர் வரை எங்களிடம் வாடிக்கையாக சிகரெட் வாங்கிய முப்பத்தொரு பேரின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, அவர்கள் மருந்துக்கு வரும்போது இன்னும் புகைக்கிறார்களா என்று கேட்டுக் குறித்தேன். பெரும்பாலோர் எதிரிலிருந்த பெட்ரோல் பங்குக் கடையைக் காட்டிச் சிரித்தார்கள்; அங்கே சிகரெட் விற்கத் தடையில்லை.

"உங்க சட்டத்தால தினம் ரோட்டைத் தாண்டி நடக்கிறேன் பொண்ணே. தொப்பை குறைஞ்சிருக்கு பாரு" என்றார் ஒருவர்.

பட்டியலில் இருந்த அர்மிந்தோ படகில் வேலை செய்பவன். கடைக்கு வரவே மாட்டான். அவனுடைய ரத்த அழுத்த மாத்திரையையும் இரண்டு பாக்கெட் சிகரெட்டையும் மனைவி ஒலிந்தாதான் ஒரே பையில் வாங்கிப் போவார். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை உதடு வீங்கி வந்தார்.

"அவர் இன்னும் புகைக்கிறாராக்கா?"

ஒலிந்தா கதவைத் திரும்பிப் பார்த்தார். "இல்ல. விட்டுட்டாரு."

விட்டவர்களில் ஐந்தாவது ஆள். எனக்கு ஒரே சந்தோஷம். சிகரெட்டை விட்டவர்கள் கொஞ்ச நாள் எரிந்து விழுவார்கள் என்று படித்திருந்தேன். வீங்கிய உதட்டுக்கும் அதையே காரணமாக்கிக்கொண்டேன். புகைக்கும் ஆசையை அடக்க இலவசமாகக் கொடுக்க வைத்திருந்த நிக்கோடின் ஒட்டுப்பட்டைப் பெட்டி ஒன்றை அவர் பையில் போட்டேன்.

"வேணாம்மா, அவருக்கு..."

"தோள்ல ஒட்டிக்கிட்டா போதும்க்கா" என்று பையைக் கையில் திணித்தேன்.

வியாழன் பகலில் கதவு சுவரில் மோதித் திறந்தது. அர்மிந்தோ ஒலிந்தாவைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தான். அவன்மேல் புகை நாற்றம் வீசியது. ஒட்டுப்பட்டைப் பெட்டியை என் முகத்தில் எறிந்தான்.

"யாருடீ இதக் குடுத்தது? ரெண்டு பேரும் கூடிப் பேசி என்னைத் திருத்தப் பாக்கறீங்களா? கடல்லேந்து வந்தா வீட்ல சிகரெட் இல்ல. கேட்டா, கடையில விக்கிறதில்லன்னு கதை விடறா!"

"கதையில்லீங்க, சட்டம். பாருங்க." காலி அலமாரியையும் மேலே ஒட்டியிருந்த அறிவிப்பையும் காட்டினேன். நிதானமாகப் படித்தான். முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்ப எதிர்க் கடையில வாங்க உனக்குக் கை வரலியா?"

"எனக்கு எதிர்க் கடை தெரியாதா? உனக்கு வாங்கிக் குடுக்க வேண்டாம்னுதான் வாங்கல" என்றார் ஒலிந்தா.

அவர் முகத்தை மேஜைமேல் மோதினான். ஒரு பல் என் நோட்டின்மேல் விழுந்தது. உள்ளேயிருந்து ஓடிவந்த கியோவின் மூக்கில் குத்தினான்; அவர் இருமல் மருந்து அடுக்கோடு சரிந்தார். நான் விற்பனைக்கு இருந்த கைத்தடிகளில் ஒன்றை எடுத்து அவன் மணிக்கட்டில் அடித்தேன். தடியைப் பிடுங்கி என் கழுத்தில் குறுக்கே வைத்து அழுத்தினான். கண் இருட்டியது. பிறகு பிடி தளர்ந்தது. ஒலிந்தா இன்னொரு தடியால் அவன் முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தார். விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. கியோதான் தடியைப் பிடித்தார்.

போலீஸ் அவனைக் கொண்டுபோனது. ஆம்புலன்ஸில் ஏறுமுன் ஒலிந்தா மேஜைக்கு வந்தார், வாயில் துணியை அழுத்தியபடி.

"அந்தப் பட்டையை நான் குடுத்திருக்கக் கூடாதுக்கா."

"கேக்காம குடுத்தே. அத அப்புறம் பேசலாம். கம்ப்யூட்டர்ல என் விலாசத்தை மாத்து. இனிமே என் மருந்தெல்லாம் என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பு. அவன் வந்து கேட்டா சொல்லக் கூடாது."

"அவரோட மாத்திரை?"

"அவனே நடந்து வந்து வாங்கட்டும்."

தெருப்பெயரைச் சொன்னார். இரண்டு முறை தப்பாக அடித்தேன். சரியாக வரும்வரை அவர் நகரவில்லை.