மூக்கு அண்ணன் நீட்டிய தட்டு

அந்த ஆஸ்பத்திரி லேபில் அவருக்கு மூக்கு அண்ணன் என்றுதான் பெயர். கிருமி வளர்க்கும் தட்டின் மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்தால் போதும், உள்ளே யார் குடியிருக்கிறார் என்று சொல்லிவிடுவார். பழுத்த திராட்சை வாசனை என்றால் ஒருத்தன், அழுகிய மீன் வாசனை என்றால் இன்னொருத்தன். மோந்து பார்க்கக் கூடாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் அறிவிப்பு இருந்தது. அதை ஒட்டியவரும் அவர்தான்.

ஒருநாள் மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவரின் ரத்தத்திலிருந்து வளர்த்த தட்டில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தன. மோந்தார். ஒரு வாசனையும் இல்லை. விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? அவருக்கு அது மானப் பிரச்சினை. மூக்கைத் தட்டுக்குள் விடாத குறையாக இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் நீட்டினார்.

“நீ பாரும்மா. உனக்காவது ஏதாவது வருதா?”

அவள் குனிந்து முகத்தைச் சுளித்தாள். “ஒண்ணும் வரலண்ணே.”

என்ன கிருமி என்று பார்க்கச் சொல்லித் தட்டைப் பெரிய லேபுக்கு அனுப்பினார். அத்தோடு அதை மறந்தும் போனார்.

சில வாரங்களில் அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. காலையில் விட்டுவிடும், சாயங்காலமானால் வந்து பிடித்துக்கொள்ளும். தலையணை நனைய வியர்த்தது, இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. மாத்திரை போட்டால் கொஞ்சம் அடங்கிவிட்டுத் திரும்ப வந்தது. “லீவு போட நல்ல வழி கண்டுபிடிச்சீங்க” என்று கேலி செய்த மனைவி, ஆள் பாதியாக இளைத்ததும் ஆஸ்பத்திரி டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

பெரிய லேபின் பதில் வந்ததும் டாக்டருக்குப் பொறி தட்டியது. மூக்கு அண்ணன் ரத்தத்தையும் சோதித்தார். பண்ணைக்காரருக்கு இருந்த அதே கிருமி; தட்டை மோந்தபோது மூச்சோடு உள்ளே போயிருக்கிறது.

“நம்ம ரத்தத்துல காவல் செல்னு இருக்கும்மா. கிருமியைப் பிடிச்சு முழுங்கிக் கரைச்சிடும்,” என்று மனைவிக்கு விளக்கினார் டாக்டர். “இந்தக் கிருமி நல்ல பிள்ளையா உள்ள போயிடும். கரைக்கிற இடத்துக்கு மட்டும் போகாம நழுவி, அதுக்குள்ளயே ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அந்தச் செல்லுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டே உடம்பு முழுக்கச் சுத்தும். ரெண்டு மருந்து சேர்த்து ஒன்றரை மாசம் விடாம சாப்பிட்டாதான் அடங்கும்.”

“பிடிக்க வந்த போலீஸ் வண்டியிலயே ஏறி ஊர் சுத்துதா?” என்றாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “மாசமா இருக்கிற பொண்ணுக்கு இது வந்தா?”

டாக்டர் தயங்கினார். “கரு கலைஞ்சு போகலாம். ஏன் கேக்குறீங்க?”

பக்கத்து மேசைப் பெண்ணுக்கு இப்போது ஐந்தாம் மாதம். கல்யாணமாகி எத்தனையோ வருடம் ஏங்கித் தங்கிய பிள்ளை. மருந்துச் சீட்டைக்கூட வாங்காமல், சுவரைப் பிடித்துப் பிடித்து லேபுக்குப் படியேறினார். பாவி, என் கையாலேயே நீட்டினேனே என்று வழியெல்லாம் புலம்பினார்.

எல்லாவற்றையும் அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் வயிற்றின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

“அண்ணே, அன்னிக்கு நான் மோந்தே பார்க்கல.”

“குனிஞ்சியேம்மா. நான் பார்த்தேனே.”

“மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சேன். அப்பல்லாம் எந்த வாசனை பட்டாலும் குமட்டிட்டு வரும். யார்கிட்டயும் சொல்லாத நேரம் வேற. நீங்க ஆசையா நீட்டினீங்க, மனசு கஷ்டப்படுமேன்னுதான்.”

ஆனாலும் திறந்த தட்டின் பக்கத்தில் நின்றவள் அல்லவா? டாக்டர் அவள் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னார். முடிவு வரும்வரை மூக்கு அண்ணன் தெரிந்த சாமிக்கெல்லாம் நேர்ந்துகொண்டார். கிருமி இல்லை என்று வந்தது. சில வாரம் விட்டு மறுபடி பார்த்தார்கள், அப்போதும் இல்லை.

“கும்பிட்ட சாமி எல்லாம் கைவிடலம்மா. அந்த ஒரு தட்டை மட்டும் நீ மோந்து பார்க்காம விட்டியே,” என்றார்.

அவள் நெளிந்தாள். “உங்ககிட்ட மறைப்பானேன். நீங்க நீட்டின எந்தத் தட்டையும் நான் மோந்ததில்லண்ணே.”

“திராட்சை வாசனைன்னு சொல்லுவியே?”

“நீங்க சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன்.”

இத்தனை வருட மானமும் ஒரே நொடியில் கப்பலேறியது. மூக்கு அண்ணன் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, சந்தோஷம் தாங்காமல் அழுதார்.