கையில் பிடித்த ஃபிளாஷ்

தங்கப்பொண்ணுவை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, நெற்றியில் காசு ஒட்டி, மாலையும் போட்டாயிற்று. அந்தம்மா பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. ஊரார் வயலில் குனிந்தே கிடந்த உடம்பை யார் நிமிர்த்திப் படம் எடுப்பது? தூக்குவதற்கு முன்னால் மகன் பீமாராவும் மகள் இசைவாணியும் பக்கத்தில் நிற்க, பெரிதாக்கி மாட்டுகிற மாதிரி ஒரே ஒரு படம் வேண்டும். அதற்காகத்தான் பழங்காநத்தத்திலிருந்து போட்டோ எடுக்கும் நாகஜோதியை வரச் சொல்லியிருந்தார்கள்.

நாகஜோதி சாவு வீட்டுக்கென்றே ஒரு சின்ன டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வைத்திருக்கிறாள். அழுகிற வீட்டில் அது டபக் டபக்கென்று சத்தம் போடாது. ஆனால் பழைய மாடல். வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகப் போய்விடும். வாடிப்பட்டி தாண்டி வண்டி பள்ளத்தில் இறங்கியபோது பை விழுந்து அவளுடைய ஃபிளாஷ் உடைந்துவிட்டது. வந்து சேர்ந்தால் கரண்டும் இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, தூக்கவேண்டும் என்று கூட்டம் அவசரப்பட்டது.

பீமாராவ் பீரோவைக் குடைந்து ஒரு ஃபிளாஷைக் கொண்டுவந்தார். காலேஜ் காலத்தில் ஃபிலிம் கேமராவோடு வாங்கியது. பேட்டரி போட்டதும் 'கீ'யென்று முனகி, சிவப்பு விளக்கு எரிந்தது. "இதை வச்சு எடுங்கம்மா" என்று அவரே அதைக் கேமராவின் தலையில் செருக வந்தார்.

நாகஜோதி வெடுக்கென்று கேமராவை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, வேணாம் சார்! அது இதுல படக்கூடாது!"

அந்த ஒரு சொல் போதாதா?

"படக்கூடாதா?" பீமாராவ் வங்கி மேனேஜர். அவர் குரல் அப்படி உடையும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். "எங்க ஆத்தா இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே செத்துச்சு. இன்னைக்குமா? எங்க வீட்டுப் பொருள் ஒங்க பொருள்ல படக்கூடாது, அப்படித்தானே? போட்டோவே வேணாம். கெளம்புங்க."

அப்படி ஒரு நினைப்பு சத்தியமாக நாகஜோதிக்கு இல்லை. ஆனால் சொல் எங்கிருந்து வந்தது? கூலிக்கு வந்தவர்களிடம் அவளைப் பெற்றவள் வாசலில் நின்று சொன்ன அதே சொல். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"அது இல்ல சார். பழைய ஃபிளாஷோட அடியில இருநூறு வோல்ட்டுக்கு மேலகூட நிக்கும். இந்தக் கேமரா அம்புட்டு தாங்காது. மாட்டுனா உள்ள சர்க்யூட் கருகிரும். படமும் வராது."

"நல்லாத்தான் காரணம் சொல்றீக" என்றாள் இசைவாணி.

இனி வாயால் பேசி ஆகாது. "குடுங்கண்ணே" என்று அவர் கையிலிருந்து ஃபிளாஷைப் பிடுங்கினாள் நாகஜோதி. வேர்த்த கை, பதற்றத்தில் கட்டைவிரல் அடியிலிருந்த உலோக முனையில் அழுந்திவிட்டது. சுரீரென்று முழங்கை வரை இழுத்தது. "ஆத்தாடி!" என்று அலறினாளே தவிர, பிடியை விடவில்லை.

"விடும்மா, கீழ போடு!" பீமாராவ் பதறினார்.

"மாட்டேண்ணே. ஆத்தா மொகம் தெரிய இதுதான் வெளிச்சம். கேமராவுல மாட்டத்தான் கூடாது. கையில பிடிச்சு அடிச்சுக்கிறலாம். நீங்க ரெண்டு பேரும் போய் நில்லுங்க."

கேமராவை ஸ்டூலில் வைத்து ஷட்டரைச் சில நொடி திறந்தே இருக்கும்படி விட்டாள். ஃபிளாஷைத் தலைக்கு மேலே தூக்கி, அதிலிருந்த டெஸ்ட் பட்டனை அமுக்கினாள். ஒயர் இல்லை, ஒன்றும் இல்லை. வெளிச்சம் மட்டும் பளீரென்று போய்ச் சேர்ந்தது.

கேமராவின் திரையில் தங்கப்பொண்ணு முகம் துலங்க உட்கார்ந்திருந்தார். இரண்டு தோளிலும் பிள்ளைகளின் கை. இசைவாணி அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பீமாராவ் பார்த்தது நாகஜோதியின் சிவந்த கட்டைவிரலை. "காட்டும்மா" என்று கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. இத்தனை படித்து, இத்தனை பேருக்கு மேலதிகாரியாக இருந்தும், அந்தக் கை தானாக நின்றது. அதைக் கண்டதும்தான் நாகஜோதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளே தன் கையைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தாள்.

அவர் அந்த விரலை மெல்லத் தடவிப் பார்த்தார். "வலிக்குதா தாயி?" என்று கேட்டார்.