தோற்றவள் துவைக்க வேண்டும்

இந்த விதியைப் போட்டது நான்தான். அதனால் யாரையும் குறை சொல்ல வழியில்லை.

நானும் என் தங்கையும் ஸ்குவாஷ் விளையாடுகிறோம். பொழுதுபோக்குக்கு இல்லை, தொழிலாகவே. நாலு சுவருக்குள் ஒரு சின்னக் கறுப்பு ரப்பர் பந்தை மாறி மாறி அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதுதான் எங்கள் பிழைப்பு. இந்த சீசன் முழுக்க இருவரும் ஒரே அறையில் தங்குவதாக ஏற்பாடு. ஒரு மேட்ச் ஆடி முடித்த சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வியர்வை வரும். முதல் ஊரிலேயே யார் துவைப்பது என்று சண்டை வந்துவிட்டது.

"யார் முதல்ல தோக்கறாளோ அவ துவைக்கட்டும். அவளுக்குத்தான் அப்புறம் வேலை இல்லையே" என்று வீராப்பாகச் சொன்னேன். உலக வரிசையில் அவள் நாற்பத்தொன்று, நான் தொண்ணூற்று மூன்று என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. வாய்க்கொழுப்பு, வேறென்ன.

பத்துப் போட்டிகள் ஆயின. பத்து முறையும் நான்தான் துவைத்தேன்.

அந்த ஊர்களில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எந்த ஊர் மெஷின் எப்படி இருக்கும் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். ஒன்றில் கதவை முழங்காலால் ஒரு இடி இடித்தால்தான் தண்ணீர் ஏறும். இன்னொன்று பிழியும்போது நடந்து நடந்து வாசல்வரை வந்துவிடும். மெஷினே இல்லாத ஊரில் குளியல் தொட்டியில் காலால் மிதித்துத் துவைத்து, ஹேர் டிரையரை வைத்து இருவரின் சாக்ஸையும் காய வைத்தேன். மூன்றாவது ஊரில் தங்கை துவைக்கும் அறை வாசலில் சாய்ந்துகொண்டு, "அக்கா, காலரை உள்பக்கமா மடி, அப்பதான் சுருங்காது" என்று யோசனை சொன்னாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். அன்றே இரண்டாவது விதியும் வந்தது: துவைக்கும் அறையில் ஜெயித்தவள் வாயைத் திறக்கக் கூடாது.

சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே ஒரு முள் இருந்தது. சீசன் ஆரம்பிக்கும்போதே அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "உனக்கு இருபத்தெட்டு ஆச்சு. இந்த ஒரு வருஷம் ஆடு. பிரதானச் சுற்றுல ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சுக் காட்டு, அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா அந்த ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர் வேலைக்குச் சரின்னு எழுதிடு." நானும் தலையாட்டிவிட்டேன். வரிசையில் பின்னால் இருப்பவர்கள் முதலில் தகுதிச் சுற்றில் ஜெயிக்க வேண்டும், பிறகுதான் பிரதானச் சுற்று. பத்துப் போட்டிகளில் மூன்று முறை அதில் நுழைந்தேன். மூன்று முறையும் முதல் மேட்சிலேயே மண்ணைக் கவ்வினேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வேலைக் கடிதத்துக்குத் திங்கட்கிழமைக்குள் பதில் போட வேண்டும். கடைசிப் போட்டியின் பிரதானச் சுற்று சனிக்கிழமை தொடங்கியது.

அதற்கு முந்தின நாள் தகுதிச் சுற்றின் கடைசி மேட்ச். ஐந்து ஆட்டம்வரை இழுத்துப் போய்த் தோற்றேன். அறைக்கு வந்து போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்தேன். தங்கை எழுந்து விளக்கை அணைத்தாள்.

சனிக்கிழமை காலை விதிப்படி மூட்டையைத் தூக்கிக்கொண்டு விடுதியின் அடித்தளத்துக்கு இறங்கினேன். என்னுடைய நாலு செட், அவளுடைய மூன்று செட், எல்லாமே வெள்ளை. அவளுக்குக் காலையிலேயே மேட்ச் என்பதால் போட்டிருப்பது ஒன்று, பையில் மாற்றுச் சட்டையும் பாவாடையும் ஒன்று, அவ்வளவுதான் வெளியே இருந்தது. நான் கரடிப் படம் போட்ட இரவு உடையோடு மெஷினைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். டீச்சராகிவிட்டால் விசிலை எந்தக் கழுத்துப் பட்டையில் மாட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

போட்டியை நடத்தும் பெண்மணி பேசினார். பிரதானச் சுற்றில் ஆட வேண்டிய ஒருத்திக்குப் பயிற்சியில் கணுக்கால் பிசகிவிட்டதாம். அப்படி யாராவது விலகினால், தகுதிச் சுற்றின் கடைசியில் தோற்றவர்களில் வரிசையில் முன்னால் இருப்பவளைக் கூப்பிடுவார்கள். "முப்பது நிமிஷத்துல கோர்ட்ல நிக்கணும். உன்னால முடியலேன்னா அடுத்தவளைக் கூப்பிடறேன்."

"வரேன், வரேன்! யாரோட ஆடணும்?"

"உன் தங்கையோட."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெஷினைப் பார்த்தேன். நாற்பத்தேழு நிமிடம் என்று காட்டியது. கதவை இழுத்தேன், இடித்தேன், பழைய ஊர் ஞாபகத்தில் முழங்காலாலும் ஒன்று கொடுத்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி, "அது முடியாம திறக்காது கண்ணு. போன மாசம் ஒருத்தர் பாஸ்போர்ட்டே உள்ள மாட்டிக்கிச்சு" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் என் சட்டைகள் நுரையோடு சுற்றிச் சுற்றி வந்தன.

மாடிக்கு ஓடி ராக்கெட்டையும் ஷூவையும் எடுத்துக்கொண்டு, கரடியோடு தெருவைக் கடந்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தங்கை கோர்ட்டுக்கு வெளியே பந்தைச் சுவரில் அடித்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். குளிர்ந்த பந்து எழும்பாது, அதனால் எல்லோரும் செய்வதுதான். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"என்னக்கா இது கோலம்?"

"துணியெல்லாம் மெஷின்ல சுத்துது. உன்னோடதும்தான். நான்தான் இப்ப உன்கூட ஆடணுமாம்."

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பையைத் திறந்து மாற்றுச் சட்டையையும் பாவாடையையும் எடுத்து என் மேல் எறிந்தாள். "இந்தா. தையலைப் பிரிச்சுடாதே."

நான் வராவிட்டால் ஆடக் காத்திருந்த நெட்டைப் பெண்ணை இவள் இந்த சீசனிலேயே மூன்று முறை ஊதித் தள்ளியிருக்கிறாள். சட்டை இல்லை என்று சொல்லியிருந்தால் இவளுக்கு நோகாமல் ஒரு வெற்றி. அது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

சட்டை எனக்கு ஒரு அளவு சின்னது. கையை உயர்த்தினால் வயிற்றில் காற்றுப் பட்டது. அதைவிடப் பெரிய கூத்து, முதுகில் கொட்டை எழுத்தில் தங்கையின் பெயர். நடுவர் எங்கள் இருவரின் முதுகையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து என் முதுகில் ஒட்டச் சொன்னார். இரண்டாவது ஆட்டத்தில் அது வியர்வையில் நனைந்து உரிந்து விழுந்தது. பிறகு யாரும் கவலைப்படவில்லை. வீட்டில் போனில் பார்த்துக்கொண்டிருந்த அம்மாதான் எது பெரியவள், எது சின்னவள் என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் கைதட்டினாளாம்.

முதல் ஆட்டம் பதினொன்றுக்கு நாலு என்று போனது. ஏழே நிமிடம். அக்கா என்று தயவு தாட்சண்யமே பார்க்கவில்லை. ஒரு பந்தை என் தொடையிலேயே அடித்துவிட்டு, "தள்ளி நில்லுக்கா" என்றாள். தொடை சிவந்து தடித்துவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் கொஞ்சம் நன்றாக ஆடுவேன். இரண்டாவது ஆட்டம் எனக்கு, மூன்றாவது அவளுக்கு. நாலாவதில் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் மேட்ச் அவளுடையது என்ற நிலையில் அவள் அடித்த பந்து, முன்சுவரின் அடியில் இருக்கும் தகரத்தில் டங்கென்று பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தேன்.

ஐந்தாவது ஆட்டத்தில் நான் பத்து, அவள் ஒன்பது. இன்னும் ஒன்று எனக்கு வேண்டும். பந்தை முன்சுவரின் இடது மூலையில் மெதுவாக உதிர்த்தேன். அவள் பின்னாலிருந்து பாய்ந்து வந்து, தரையில் சறுக்கி, எப்படியோ அதை எடுத்துவிட்டாள். பந்து என் தலைக்கு மேலே போய்ப் பின் மூலையில் விழுந்து செத்தது. நடுவர் "பத்துக்குப் பத்து" என்றார். பார்வையாளர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

தங்கை தரையிலிருந்தபடியே கையைத் தூக்கினாள். "இல்ல. ரெண்டு தடவை குதிச்சுடுச்சு."

பந்து தரையில் ஒருமுறை குதிக்கலாம், இரண்டாவது முறை குதித்தால் பாயிண்ட் போச்சு. எடுத்தவளுக்கு மட்டும் தெரிந்தால் அவளே சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆட்டத்தின் மரியாதை. சொல்பவர்களும் உண்டு, சொல்லாதவர்களும் உண்டு. நடுவர் தோளைக் குலுக்கிவிட்டு மேட்ச் எனக்கென்று அறிவித்தார்.

இரண்டு அடி துள்ளினேன். மூன்றாவது அடியில் சந்தேகம் வந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரிந்தது, பந்து தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் கையைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

உடை மாற்றும் அறையில் தனியாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். திங்கட்கிழமைக் கடிதம் அவளுக்குத் தெரியும். கேட்காமலே சட்டை தந்தாள். கடைசியில் நடுவரே கொடுத்த பாயிண்ட்டை வேண்டாமென்றாள். எல்லாம் சேர்ந்து ஒரே கணக்காக வந்தது. அம்மா போனில் அழுதுகொண்டே, "ஜெயிச்சுட்டியேடி!" என்றாள்.

"உங்க சின்னப் பொண்ணு போட்ட பிச்சைம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நேராக விடுதியின் அடித்தளத்துக்குப் போனேன். விதிப்படி அவள் அங்கே இருந்தாள். மெஷினிலிருந்து காலையில் துவைத்ததை இழுத்துப் போடுவதும், எது துவைத்தது எது துவைக்காதது என்று தெரியாமல் மறுபடி உள்ளே திணிப்பதுமாக இருந்தாள். சோப்புத் திரவத்தை அரை பாட்டில் ஊற்றினாள். கதவை அறைந்து சாத்தினாள்.

"ஒரு தடவை குதிச்சுதா, ரெண்டு தடவையா?" என்று கேட்டேன்.

"வெளிய போ. ஜெயிச்சவ இங்க பேசக் கூடாது."

"நீ விட்டுக்கொடுத்த ஜெயிப்பு எனக்கு வேண்டாம்டி. இப்பவே போய்ச் சொல்லி..."

அவள் திரும்பினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மூக்கு நுனி சிவந்து, கண் இரண்டும் வீங்கியிருந்தன. பாவாடையை ஒதுக்கி முழங்காலைக் காட்டினாள். சறுக்கியதில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"விட்டுக்கொடுக்கறவ இப்படித்தான் விழுவாளா? நாலாவது ஆட்டத்துல என் கையில மேட்ச். தகரத்துல அடிச்சேனே, அதை நினைச்சா இப்பக்கூட வயிறு எரியுது. சட்டை இல்லாம வந்த, கொடுத்தேன். மேட்ச் கேட்டியா? கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். போ!"

சொல்லிவிட்டு ஈர சாக்ஸில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இவளுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியும். எனக்குத் தெரியாதா? அப்பாவோடு சீட்டாடும்போது, அவர் முகம் வாடினால் வேண்டுமென்றே தோற்பாள். தோற்றுவிட்டு முப்பத்திரண்டு பல்லும் தெரிய நிற்பாள், கன்னத்தில் குழி விழும், "அப்பா கெட்டிக்காரர்" என்று கொஞ்சுவாள். பொய்யை அரை நிமிடம்கூட ஒளிக்கத் தெரியாத முகம் அது. இப்போது அதில் ஒரு பல்கூடத் தெரியவில்லை. உண்மையிலேயே தோற்றவள் மட்டும்தான் இப்படி அழுவாள். பத்து ஊரில் நான் அழுதிருக்கிறேன், எனக்கு அது நன்றாகவே தெரியும்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தங்கை அழுவதைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்ட அக்கா உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவளைக் கட்டிக்கொண்டேன். முழங்கையால் இடித்துத் தள்ளினாள். மறுபடி கட்டிக்கொண்டேன். இந்த முறை தள்ளவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "பிச்சை இல்லம்மா. நான் ஜெயிச்சதுதான். அந்த ஸ்கூலுக்கு வேண்டாம்னு எழுதிடறேன்."

"எழுது, எழுது. நான்தான் வாயே திறக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே. ஆமா, சின்னவ ஏன் போனை எடுக்கல?"

"துணி துவைக்கறாம்மா."

"அவளா?" என்று கேட்டுவிட்டு அம்மா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவே இல்லை.

போனைக் காதில் வைத்தபடியே திரும்பினேன். தங்கை முகத்தைத் துடைத்த தன் சிவப்புத் துண்டையும் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே திணித்து, வெந்நீர்ப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். புத்தம்புதுத் துண்டு, சாயம் இன்னும் போகாதது. சொல்ல வாயைத் திறந்தேன். விதி ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன்.

மறுநாள் இரண்டாவது சுற்றில் நான் ரோஸ் நிறச் சட்டையில் ஆடினேன். முதல் வரிசையில் இன்னொரு ரோஸ் சட்டை உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. எதிரில் ஆடியவள் உலக வரிசையில் ஆறாவது. மூன்றே ஆட்டத்தில் என்னை மூட்டை கட்டி அனுப்பிவிட்டாள். வெளியே வந்ததும் தங்கை என் ஈரச் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"நீயும் தோத்துட்டே. இன்னிக்கு நீதானே துவைக்கணும்?"

"பிரதானச் சுற்றுல முதல்ல தோத்தது யாரு?" என்றேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூட்டையை எடுத்தாள். நான் அறைக்குப் போய், சீசனில் முதல்முறையாக, கால் நீட்டிப் படுத்தேன்.