வாங்கிய சிரிப்பைத் திருப்பிக் கொடுக்கும் வகை

அருப்புக்கோட்டை பஜாரில் பவளமுத்து அண்ணாச்சியின் சிரிப்புக் கடையில், வாங்கிய சிரிப்பை ஏழு நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஏழாம் நாள் கடையில் விளக்கு வைத்துவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் ஆயுசுக்கும் அது உங்கள் சிரிப்பு.

வெள்ளத்தாய்க்கு அன்றைக்கு ஏழாம் நாள். அவள் வாங்கிய சிரிப்பு இரண்டு மணி நேரம் பிந்தி வந்தது. காலையில் மினி பஸ் கண்டக்டர் அடித்த ஜோக்குக்கு, பத்தரை மணிக்குத் துட்டி வீட்டில், பிணத்தின் கால்மாட்டில் நின்றுகொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அந்த வீட்டார் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "பில்லு இருக்குல்ல மதினி, மாத்திருங்க" என்றார்கள்.

வேறு நாளென்றால் சமாளித்திருப்பாள். அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் பங்குனிப் பொங்கல் பட்டிமன்றம். முன்வரிசையில் மூன்றாவது நாற்காலி அவளுடையது. பதினோரு வருஷமாக அவள் சிரித்தால்தான் பந்தல் சிரிக்கும். பழைய சிரிப்பு தேய்ந்து ஓட்டை விழுந்த பிறகுதான் இதை வாங்கினாள். பிந்தி வருகிற சிரிப்போடு போய் உட்கார்ந்தால், நடுவர் தீர்ப்புச் சொல்லும்போது 'கெக்கெக்கே' என்று விழும். நாற்காலி பின்வரிசை மாடத்திக்குப் போய்விடும். மாடத்தி முந்தின நாளே டேப்போடு வந்து நாற்காலியை அளவெடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

திருப்பிக் கொடுக்கிறதென்றால் அதற்கு ஒரு முறை உண்டு. சிரிப்பை அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் கரகரத்துவிடும். வந்த தகர டப்பாவிலேயே மடித்து வைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் கிண்ணம் இரவல் வாங்கினால் வெறுங்கிண்ணமாகவா திருப்புகிறோம்? அதே மாதிரி டப்பாவிலும் நம் வீட்டுப் பொருள் ஒரு கைப்பிடி போட வேண்டும். வெள்ளத்தாய் வீட்டில் தட்டுப்பாடில்லாமல் இருந்தது அவள் புருஷன் கருத்தப்பாண்டியின் கோபம்தான், ஊறுகாய் ஜாடியில் விளிம்பு வரைக்கும். அதில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

கடையில் கூட்டமான கூட்டம். இவளுக்கு முன்னால் ஒரு வாத்தியார், "பிரிக்கவே இல்லை அண்ணாச்சி, அப்படியே இருக்கு" என்று ஒரு சிரிப்பை நீட்டினார். அண்ணாச்சி அதை மோந்து பார்த்தார்.

"சேமியா பாயாசம் மணக்குதே வாத்தியாரே. யாரு வீட்டுக் கல்யாணம்?"

வாத்தியார் டப்பாவை மூடிக்கொண்டு நகர்ந்தார்.

வெள்ளத்தாய் முறைப்படி முதலில் சம்சாரம், பிள்ளைகள், மூட்டுவலி எல்லாம் விசாரித்தாள். 'கெட்டுப்போச்சு' என்று கடைக்குள் சொல்லக் கூடாது. "சிரிப்பு தங்கமான சிரிப்பு அண்ணாச்சி. நடைதான் கொஞ்சம் மெதுவு" என்றாள்.

"மாட்டுங்க, பாத்திருவோம்" என்றார் அண்ணாச்சி. தன் கல்யாணத்தில் மாப்பிள்ளைச் சட்டை சமையல்காரருக்குப் போன கதையை ஆரம்பித்தார். அவர் பாதி சொல்லும் முன்னே, கோயில் மணி மாதிரிக் கணீரென்று வந்ததே சிரிப்பு!

"அதுக்கு என்னத்தா குறை? சமத்தால்லா இருக்கு."

"இங்கதான் அண்ணாச்சி இப்படி! வெளியில வந்து பாருங்க, சண்டி மாடு!"

கூட்டத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெள்ளத்தாயைக் குடை ரிப்பேர்க் கடை வாசலில் நிறுத்தி, அண்ணாச்சியை உள்ளேயிருந்து அந்தக் கதையைக் கத்தச் சொன்னார்கள். சிரிப்பு வரவில்லை. அவளைக் கடைக்குள் நிறுத்தி, அண்ணாச்சியை வெளியே துரத்தினார்கள். வரவில்லை. "அண்ணாச்சி, ரெண்டடி கிட்ட வாங்க! இன்னும் ஒரு அடி!" அவர் முழங்கை அவள் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்ததும் பீறிட்டது. ஊரே கைதட்டியது.

கைதட்டல் அடங்கும்போது, அண்ணாச்சியின் சம்சாரம் தங்கக்கிளி தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஒரு நிமிஷம்!" என்று வெள்ளத்தாய் பாய்ந்தாள்.

விளக்கு எரிந்துவிட்டது. மணி ஆறேகால். வெள்ளத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்றாவது நாற்காலியில் மாடத்தி காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்படியே தெரிந்தது.

தங்கக்கிளி நியாயஸ்தி. "அழாதீக. சிரிப்பை எடுத்துக்கிட முடியாது. ஆனா மூடி இல்லாம சம்படத்தை வித்தா, மூடி குடுக்கிறது கடைக்காரன் பொறுப்பு" என்று பில் புத்தகத்தை எடுத்தாள். 'சிரிப்புக்கு உதிரி பாகம்: அண்ணாச்சி, ஒன்று' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். "ஏழு நாள் தவணை. முறை தெரியும்ல?"

அன்று பந்தலில் நாலாவது நாற்காலியில் அண்ணாச்சி உட்கார்ந்தார், முழங்கையோடு முழங்கை உரச. பேச்சாளர் வாயைத் திறந்தால் போதும், வெள்ளத்தாயின் சிரிப்பு குதித்துக்கொண்டு ஓடியது. அதன் பின்னாலேயே பந்தல் முழுக்க ஓடியது. தீர்ப்பின்போது கப்சிப். நடுவரே எழுந்து கும்பிட்டார். ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில் நின்ற மாடத்தி டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஏழாம் நாள் வெள்ளத்தாய் அண்ணாச்சியை அலசி, நிழலில் உலர்த்தி, சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். வெறுமையாக அனுப்பக் கூடாதே என்று, ஜாடியில் மிச்சமிருந்த கோபத்தை எல்லாம் வழித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள். வெயிலுக்கு முன்னால் கடைக்குக் கூட்டிப்போனாள்.

தங்கக்கிளி அவர் பிடரியை மோந்து பார்த்தாள்.

"மைக்செட் வாடை அடிக்குதே மதினி. உபயோகிச்ச பொருளு."

"ரெண்டே மணி நேரந்தான் உக்காந்திருந்தாரு!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாக." சட்டைப்பையில் இருந்த கோபத்தை மட்டும் எடுத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள். "இது நல்ல நயம். இதை வச்சுக்கிடுதேன்." அடுத்து நின்ற ஆளைப் பார்த்து, "நீரு எதுக்குவே வந்தீரு!" என்று ஒரு அதட்டு அதட்டினாள்.

வெள்ளத்தாய் அண்ணாச்சியை வீட்டுக்கே திரும்பக் கூட்டிவந்தாள். கருத்தப்பாண்டி, கோபம் ஒரு பருக்கைகூட இல்லாமல், இட்லித் தட்டோடு நகர்ந்து இடம் விட்டார். அண்ணாச்சியின் காலரை விலக்கி, கழுத்துக்குப் பின்னால் அச்சடித்திருந்த காலாவதித் தேதியைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"அடுத்த பங்குனி தாண்டியும் இருக்கு, வெள்ளத்தாயி. அவருக்கும் நாலு இட்லி வை."