வீட்டில் எத்தனை பேர்?

எக்ஸ்ரேக்காரம்மா ஒரு நாளைக்கு நாற்பது பேரோடு பேசுவாள். பேச்சு என்றால் என்ன பெரிய பேச்சு? "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. விடுங்க." அவ்வளவுதான். நாற்பது பேரும் சட்டையை மாட்டிக்கொண்டு அவரவர் வழியைப் பார்த்துப் போய்விடுவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால், மறுநாள் காலை எட்டு மணிவரை அவள் வாய்க்கு வேலையே கிடையாது. ஒருநாள் அடுப்பில் ஆடிக்கொண்டிருந்த பாத்திர மூடியைப் பார்த்து "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, அந்தக் குரல் யாருடையது என்று தானே திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அவர் ஞாபகம் வந்து குறுக்கே நின்றது. தாங்கமாட்டாமல் மாற்றல் கேட்டு இந்த ஊருக்கு வந்தாள். இங்கே அவரைத் தெரிந்தவர் ஒருவர் கூடக் கிடையாது. அது நல்லது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, அவரைத் தெரியாத ஊரில் தன்னையும் பாதிக்குமேல் யாருக்கும் தெரியாது என்று. பிள்ளை குட்டி இல்லை. தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், வருஷப் பிறப்புக்கு ஒரு போன் செய்வாள்.

இப்படி இருந்தவள் கண்ணில் நூலகத்துப் பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பு பட்டது. வெளிநாடுகளிலிருந்து நர்சுகள், வாத்தியார்கள், எஞ்சினியர்கள் என்று ஒரு மாதப் பயணமாக வருகிறார்கள். இங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கிறார்கள். அவர்களை ஒரு மாலை உங்கள் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவீர்களா? கூலி கிடையாது, விருப்பமிருந்தால் வாருங்கள். நட்பு விருந்தினர் குழு என்று பெயர். அதன் செயலாளர் ஓய்வுபெற்ற பல் டாக்டர் அம்மா. "ரெண்டு நாட்டுத் தூதரும் பத்து வருஷம் பேசி முடிக்காததை நம்ம சாப்பாட்டு மேசை மூணு மணி நேரத்துல முடிச்சிடும்" என்பது அந்த அம்மாவின் வாய்ப்பாடு. யாரிடம் பேசினாலும் முன்பல்லைப் பார்த்தே பேசுவாள், பாவம், பழக்கதோஷம்.

விண்ணப்பத்தில் 'வீட்டில் எத்தனை பேர்?' என்று ஒரு கட்டம். எக்ஸ்ரேக்காரம்மாவின் கை 'இரண்டு' என்று எழுதிவிட்டது. சத்தியமாகப் பொய் சொல்ல நினைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் ரேஷன் அட்டையிலிருந்து ரயில் டிக்கெட்வரை இரண்டு என்றே எழுதிய கை அது. அடித்துத் திருத்தலாம் என்று பேனாவை மறுபடி எடுத்த நேரத்தில், பக்கத்து மேசையில் பல் டாக்டரம்மா வேறொருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. தனியாக இருப்பவர்கள் வீட்டுக்கு விருந்தாளியை அனுப்புவதில்லையாம். வருகிறவர்கள் குடும்பம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வருகிறார்களாம். பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் நாலு விருந்தாளிகள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் முன்னாலேயே வீட்டைத் துடைத்து, ஜன்னலைத் துடைத்து, துடைத்ததையே திரும்பத் துடைத்து வைப்பாள். வீட்டுக்காரர் நைட் ஷிப்டு என்று சொல்லிவிடுவாள். சாப்பிட்டுவிட்டு அவர்கள் கையசைத்துப் போவார்கள். அந்த மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதம் ஓட்டுவாள். அவர்கள் சொன்னது, அவள் சொன்னது, சொல்ல மறந்தது, எல்லாவற்றையும் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள்.

பொய்க்குக் கால் முளைத்து நடக்கத்தானே செய்யும்? விருந்தாளிகளும் ஒரு படிவம் நிரப்பித் தரவேண்டும். அதில் 'வீட்டில் யார் யாரைச் சந்தித்தீர்கள்?' என்று ஒரு கேள்வி. நாலு பேரும் 'அந்த அம்மாவை மட்டும்' என்று எழுதியிருந்தார்கள். பல் டாக்டரம்மா போன் செய்தாள்.

"ஏம்மா, நாலு தடவையும் உங்க வீட்டுக்காரர் ஷிப்டுலயே இருக்காரே, அவருக்கு லீவுன்னு ஒண்ணு கிடையாதா? தலைமை அலுவலகத்துல கேக்குறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஒரு தீயணைப்பு அதிகாரி வர்றார். இந்தத் தடவை உங்க வீட்டுக்காரர் வீட்ல இருந்தே ஆகணும். இல்லைன்னா உங்க பேரை எடுக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை."

பட்டியலிலிருந்து பெயர் போனால் போகட்டும் என்று சொல்ல எக்ஸ்ரேக்காரம்மாவால் முடியவில்லை. அந்த மூன்று மணி நேரமும் போய்விட்டால் அப்புறம் அந்த வீட்டில் என்ன இருக்கிறது? பாத்திர மூடிதான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவர் ஒருவர் உண்டு. தங்கமான மனுஷன், கொஞ்சம் வாய்தான் நீளம். அவரிடம் போய், வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் மட்டும் என் புருஷனாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகமுடியுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தையே பண்ணுகிறோம், ஒரு சாப்பாட்டுக்கு ஒரு பொய் சொல்லக்கூடாதா என்று அவரே சமாதானமும் சொன்னார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இனிப்பை என் தட்டில் வைக்காதே என்று இரண்டு நாளாக ஒத்திகை வேறு.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு அவரிடமிருந்து போன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தங்கச்சி, மன்னிச்சிடு. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம வீட்ல சொல்லிட்டேன். இவ செருப்பை எடுத்து ஒளிச்சு வச்சுட்டா."

அவர்மேல் கோபப்பட அவளுக்கு நேரமில்லை. மேசையில் மூன்று தட்டு வைத்தாயிற்று. ஆறு மணிக்குக் குழுவின் கார் வந்து விருந்தாளியை இறக்கிவிட்டு, ஒன்பதுக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டது.

ஐம்பது வயதிருக்கும். கதவு நிலையில் தலை இடிக்குமோ என்று பயப்படும்படியான உயரம். வாசலில் நின்று ஷூவைக் கழற்றிவிட்டு, குனிந்தவாக்கிலேயே அங்கே கிடந்த செருப்பைப் பார்த்தார். கை கழுவக் குளியலறைக்குப் போனார், வந்தார். மூன்று தட்டையும் பார்த்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அவர் தன் செல்போனை மேசை நடுவில் வைத்தார். ஒரு மொழியில் பேசினால் மற்றதில் ஒரு பெண்குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒப்பிக்கும். வீட்டுக்காரருக்கு அவசர வேலை, எட்டு மணிக்கு வந்துவிடுவார் என்று இவள் சொன்னாள். போன் அதை அவருக்குச் சொன்னது. அவர் தலையாட்டினார்.

உருளைக்கிழங்கும் கீரையும் மீனும் சோறுமாக இருவரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஏணி எத்தனை அடி, தண்ணீர்க் குழாய் எவ்வளவு கனம் என்று அவர் சொன்னார். எலும்பு முறிந்து வருகிறவர்கள் எப்படிப் பொய் சொல்வார்கள் என்று இவள் சொன்னாள். வாய்தான் பேசியது. கண் கடிகாரத்திலேயே இருந்தது. எட்டு அடித்தது. எட்டேகால் ஆயிற்று. மூன்றாவது தட்டு காலியாக இருந்து அவள் மானத்தை வாங்கியது.

அவர் போனை நோக்கிக் குனிந்து மெல்லப் பேசினார். போன் ஒப்பித்தது.

"நான் இருபத்தாறு வருடமாகத் தீயணைக்கும் வேலை செய்கிறேன். எரிகிற வீட்டு வாசலில் எங்கள் முதல் கேள்வி, உள்ளே எத்தனை பேர் என்பது. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் எண்ணுவது பழகிவிட்டது. இந்த வீட்டில் ஒரு ஜோடி செருப்பு. ஒரு பல் துலக்கும் பிரஷ். ஒரு துண்டு."

எக்ஸ்ரேக்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊரார் உடம்புக்குள்ளே இருப்பதையெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறவள், தன்னை ஒருவர் இப்படித் தூக்கிப் பிடித்ததும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கீரைக் கிண்ணத்தைப் பார்த்தாள். அப்புறம் சொல்லிவிட்டாள். இறந்துவிட்டார், ஆறு வருஷம் ஆயிற்று, நான் பொய் சொன்னேன். போனில் இருந்த பெண் இந்த மூன்றையும் பால் விலை சொல்வதுபோலச் சொல்லி முடித்தாள்.

அவர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேசினார். போன் சொன்னது:

"எங்கள் ஊரிலும் இது நடக்கும். எத்தனை பேர் என்று கேட்டால், அந்தப் பதற்றத்தில் போய்ச் சேர்ந்தவரையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். நாங்கள் அதைப் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே போய்த் தேடுவோம்."

இதைச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டுக்காரர் எங்கே உட்காருவார் என்று கேட்டார். இவள் தயங்கித் தயங்கிக் கையைக் காட்டினாள். விருந்தாளி உட்கார்ந்திருந்தது, பழைய ஊரிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த அந்த நாற்காலியில்தான். ஐயோ, எழுந்திருக்கவேண்டாம் என்று இவள் சொல்வதற்குள் அவர் எழுந்து, தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். காலித் தட்டை அந்த நாற்காலிக்கு முன்னால் நகர்த்தி வைத்தார்.

பிறகு பேசினாள் பாருங்கள், அணை உடைந்த மாதிரி. வீட்டுக்காரர் சாப்பாட்டை ருசி பார்ப்பதற்கு முன்பே உப்பைத் தூவிக்கொள்வது, அதற்கு அவள் போட்ட சண்டை, சிரித்தால் சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்குவது, படத்தில் யாராவது அழுதால் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விடுவது. ஆறு வருஷமாக அவரைப் பற்றி இந்த ஊரில் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல யார் கேட்டார்கள்? பாதியில் போனின் பொத்தானை அழுத்தவே மறந்துபோனாள். விருந்தாளியும் நினைவுபடுத்தவில்லை. உப்புத் தூவிக் காட்டினாள், தோளைக் குலுக்கிக் காட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளுக்குப் புரையேறிவிட்டது. அவர் தண்ணீரை நகர்த்தினார்.

ஒன்பது மணிக்கு வாசலில் கார் நின்றது. அவர் பையிலிருந்து மஞ்சள் படிவம் எட்டிப் பார்த்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. எனக்காகப் பொய் எழுதுங்கள் என்று கெஞ்சவும் மனசு ஒப்பவில்லை. போனின் பொத்தானை அழுத்தி, "உண்மையையே எழுதுங்க. எனக்கு வருத்தமில்லை" என்றாள். வருத்தமில்லை என்பது அந்த வருஷத்தின் ஆகப் பெரிய பொய். அவர் வாசலில் நின்று அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார். அப்புறம் உள்ளே அந்த நாற்காலி இருந்த பக்கம் திரும்பி இன்னொரு வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாவுக்கட்டுக்காரர் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார். பெயரை எடுத்துவிடுவார்கள் என்று மனசைத் தேற்றி வைத்துக்கொண்டாள். வாங்கி வைத்த புது மேசை விரிப்பை மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். எடுத்துவிட்டால் அதோடு ஒழிந்தது என்று ஒரு நேரம் நினைப்பாள். மறு நேரம், ஜன்னல் பக்கம் கார் சத்தம் கேட்டால் எழுந்து எட்டிப் பார்ப்பாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், எக்ஸ்ரே அறைக்குள் தனியாக இருக்கும்போது பல் டாக்டரம்மா கூப்பிட்டாள். படிவம் வந்திருக்கிறது என்றாள். எக்ஸ்ரேக்காரம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"வீட்டில் சந்தித்தவர்கள் ரெண்டு பேர்னு எழுதியிருக்கார். கீழே என்ன எழுதியிருக்கார்னு படிக்கிறேன், கேளுங்க. 'அவர் ருசி பார்ப்பதற்கு முன்பே உப்புப் போட்டுக்கொள்கிறவர். சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும். மனைவி பேசும்போது ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. நான் போன வீடுகளில் இவர்கள் இருவரையும் மறக்க மாட்டேன்.' ஏம்மா, குறுக்கே பேசாத புருஷன் யாருக்கும்மா கிடைப்பாரு? எங்க வீட்டு ஆளும் உப்பு விஷயத்துல இப்படித்தான். கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க, பிரஷர் ஏறிடும்."

இந்த ஊரில் தன் வீட்டுக்காரருடைய உப்புக்காகக் கவலைப்பட ஒரு ஆள் கிடைத்துவிட்டது. எக்ஸ்ரேக்காரம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தமே வராமல் அழுதாள். தோள் மட்டும் குலுங்கியது.

"லைன்ல இருக்கீங்களா? அடுத்த மாசம் ஒரு டீச்சர் வர்றாங்க, தூரத்து நாடு. உங்க வீட்டுக்குத்தான் எழுதியிருக்கேன். வீட்டுக்காரர் இருப்பாருல்ல?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருப்பாரு டாக்டர். அவரு எங்க போகப் போறாரு?"