பென்சில் போட்ட இடத்தில்

தொழிலில் அவரைப் பென்சில் என்று சொன்னால்தான் தெரியும். வீட்டுத் தரகர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு திரிகிறவர் அவர் ஒருவர்தான். பத்திரத்தில் எங்கெல்லாம் கையெழுத்து விழ வேண்டுமோ அங்கெல்லாம் முந்தின நாளே உட்கார்ந்து மெல்லிசாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்துவிடுவார். விற்கிறவரோ வாங்குகிறவரோ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. குறி இருக்கிற இடத்தில் பேனாவை வைக்க வேண்டியது, கிறுக்க வேண்டியது, அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டியது. வேலை முடிந்ததும் எல்லாக் குறிகளையும் அவரே ரப்பரால் அழித்துவிடுவார்.

அன்றைக்கு டெய்லர் வீட்டைப் பத்திரம் பதிகிற நாள். காலை ஏழு மணிக்கே பென்சில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். இரண்டு முட்டியும் மூன்று நாளாக அவர் பேச்சைக் கேட்பதில்லை. இருந்தாலும் நின்றார். டெய்லர் சவரம் பண்ணியாயிற்றா, மூக்குக் கண்ணாடி எடுத்தாயிற்றா, அடையாள அட்டை அசல்தானா, நகல் இரண்டு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சட்டையில் மூன்றாவது பொத்தானைக் காணோம். ஊருக்கெல்லாம் பொத்தான் தைக்கிற மனுஷன்!

"வேற சட்டை போட்டுக்குங்கண்ணே. பெரிய ஆபீஸ்."

டெய்லர் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

அதுதான் டெய்லர். இப்படி ஒரு தங்கமான பார்ட்டி முப்பத்தோரு வருஷத்தில் அமைந்ததில்லை என்று பென்சில் தன் வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோயிருந்தார். டெய்லரின் மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகாத சமயம், தைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்கப் போன இடத்தில், "இந்த வீட்டை வித்துடலாமான்னு இருக்கு தம்பி" என்று அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதோடு சரி. அன்றிலிருந்து பதினோரு மாதம், மற்றதெல்லாம் பென்சில். வீடு டெய்லர் பெயரிலேயே இருந்ததால் வாரிசுச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் பழைய வரி ரசீது காணாமல் போயிருந்தது, அளவில் இரண்டு அடி உதைத்தது, வரைபடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மூக்கை நீட்டியது. எல்லாவற்றுக்கும் பென்சில்தான் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தார். டெய்லரிடம் எதைக் காட்டினாலும், "நீங்க சொன்னா சரி தம்பி" என்பார்.

பென்சிலின் மைத்துனனும் இதே தொழில்தான். அவன் தொழில் பண்ணுகிற தினுசே வேறு. இந்தக் கையால் வாங்குகிறவரைக் காட்டுவான், அந்தக் கையால் கமிஷனை வாங்குவான், ஆளைப் பிடிக்க முடியாது.

"வீட்டைக் காட்டுறதுதான் நம்ம வேலை மாமா. நீங்க பார்ட்டியை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு நடக்குறீங்க. ஒருநாள் இடுப்பு போயிடும்."

இடுப்பு இருக்கட்டும், முட்டி போய்விட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் வீடு வாங்கிக் கொடுத்த ஒரு குடும்பம் இன்னும் குழாய் ஒழுகினால் இவருக்குத்தான் போன் போடுகிறது. இவரும் போய்ப் பார்க்கிறார். "நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுதே, அதுக்கு நான் எந்தப் புரோக்கரைக் கூப்பிடணும்?" என்று மனைவி கேட்டதற்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், பத்திரம் பதிகிற அன்று, ஒரு பார்ட்டியைப் பத்து நிமிஷம் தனியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். வரிசையில் நின்ற எவனோ ஒருவன், "இந்த விலைக்கா குடுக்குறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டான். திரும்பி வந்தபோது பார்ட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. ஆறு மாத உழைப்பு ஒரு டீயில் போயிற்று. அன்றிலிருந்து கையெழுத்து விழும் வரைக்கும் ஆளை விட்டு நகர மாட்டார். பார்ட்டி கழிப்பறைக்குப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நிற்பார். அதற்கப்புறம் ஒரு பேரம்கூடக் கைநழுவியதில்லை. இருக்கிற ஒரே பெருமை அதுதான்.

பதிவு அலுவலகத்தில் அதிகாரி புதிது. பழைய அதிகாரிக்குப் பென்சிலைக் கண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த அம்மா பத்திரத்தை முதல் வரியிலிருந்து படித்தார். பெருக்கல் குறிகளைப் பார்த்து, "இதென்ன, பரீட்சைப் பேப்பரா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. வாங்குகிற பல் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டை இடித்துவிட்டுக் கிளினிக் கட்டுவது அவர் திட்டம்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாக டெய்லரைப் பார்த்தார்.

"உங்க சொந்த விருப்பத்துலதான் விக்கிறீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

டெய்லர் திரும்பிப் பென்சிலைப் பார்த்தார்.

"ஆமாங்க, சொந்த விருப்பந்தான்" என்றார் பென்சில்.

"வீடு உங்களோடதா?"

"இல்லைங்க, நான் புரோக்கர்."

"அப்ப நீங்க வெளிய இருங்க."

"அவருக்குக் கொஞ்சம் காது மந்தம், அதான்..."

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. கேட்டதும் உங்களைத் திரும்பிப் பாத்தாரே."

பென்சிலுக்கு முகம் செத்துவிட்டது. வெளியே வந்து நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு சாத்திக்கொண்டது.

முதலில் வந்தது பயம்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அவரை அறியாமல் கதவருகே போய்க் காதை வைக்கப் பார்த்தார். கடைநிலை ஊழியர் ஒருவர் முறைக்கவும் திரும்பி வந்து உட்கார்ந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று! சும்மா இருக்கிற உடம்பில் அசதி மொத்தமாக வந்து இறங்கியது. முட்டியைத் தேய்த்துக்கொண்டே, டெய்லர் என்ன சொல்வார் என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க ஒரு விஷயம் உறைத்தது. டெய்லர் எதற்கு என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பதினோரு மாதத்தில் அவர் சொல்லிக் கேட்டதே இல்லையே.

போட்டோ ஸ்டூடியோவில், "கண்ணாடியோட எடுக்கலாமா?" என்று கேட்டதற்குப் பென்சில் பதில் சொன்னார். வங்கியில், "கையெழுத்து உங்களோடதுதானா?" என்று கேட்டதற்கும் பென்சிலே சொன்னார். வீடு பார்க்க வந்த அன்று, "பெரியவர் இனிமே எங்க இருப்பார்?" என்று பல் டாக்டர் கிசுகிசுத்ததற்கு, "மகள் வீட்டுலதான்" என்று அதையும் இவரே சொல்லிவிட்டார். முன்னறைச் சுவரில் நீலக் கவுன் போட்ட பெண்ணின் போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. மகள் இருந்தால் மகள் வீடு, இதில் கேட்க என்ன இருக்கிறது?

அந்த வீட்டில் எந்தச் சுவரில் ஓதம் ஏறும், எந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, எந்த வருஷம் எவ்வளவு வரி, எல்லாம் அவருக்கு மனப்பாடம். தையல் மெஷின் முன்பு உள்ளறையில் கிடந்ததும், பிறகு முன்னறை ஜன்னலோரம் நகர்ந்து வந்ததும்கூடத் தெரியும். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு வழியை அடைக்கிறதே என்று எரிச்சல்பட்டிருக்கிறார். ஏன் நகர்த்தினார் என்று கேட்டதில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பல் டாக்டர் அந்த ஜன்னல் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "இதெல்லாம் இடிச்சுடலாம்" என்றபோது, டெய்லர் மெஷினுக்குப் பின்னாலிருந்து, "அந்த ஜன்னல்..." என்று ஆரம்பித்தார். மழைத்தண்ணீர் உள்ளே வரும் என்று ஏதாவது உளறி, கூடி வந்த காரியத்தைக் கெடுத்துவிடுவாரோ? "அதெல்லாம் நான் பாத்துக்கறேண்ணே, நீங்க தைங்க" என்று பென்சில் அமுக்கிவிட்டார். டெய்லரும் குனிந்து தைக்க ஆரம்பித்துவிட்டார்.

இருபது நிமிஷம் ஆயிற்று. பெஞ்சில் இருந்தவருக்கு ஒரு வேடிக்கையான ஆசை வந்தது. டெய்லர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. முப்பத்தோரு வருஷப் பெருமை போனால் போகட்டும். அந்த மனுஷன் ஒரு தடவை வாயைத் திறந்து ஒன்று சொன்னால் போதும் என்று மெய்யாகவே நினைத்தார். நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசானது.

கதவு திறந்தது. பல் டாக்டர் சிரித்த முகமாக வந்து கையைக் குலுக்கினார். பின்னால் வந்த டெய்லரிடம், "மகள் வீட்டுக்குப் போக அவசரப்பட வேண்டாங்க, மாசக் கடைசி வரைக்கும் இருந்துட்டு சாவியைக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, கிளினிக்கில் ஆட்கள் காத்திருப்பதாக வேகமாகப் படியிறங்கிப் போனார்.

டெய்லர் இடது கைப் பெருவிரலைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். விரலில் மை. வழக்கமாக மை துடைக்கத் துணியோடு பக்கத்திலேயே நிற்பவர் பென்சில். இன்றைக்கு உள்ளே துடைத்துவிட ஆளில்லை. பென்சில் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, பையிலிருந்து துணியை எடுத்தார்.

"அந்தம்மா என்ன கேட்டாங்கண்ணே?"

"மனசு மாறியிருந்தா இப்பவே சொல்லிடுங்க, ஒண்ணும் தப்பில்லைன்னாங்க. ரெண்டு தடவை கேட்டாங்க. நல்ல பொண்ணு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பதினோரு மாசமா உங்க பிழைப்பை விட்டுட்டு எனக்காக அலைஞ்சிருக்கீங்க. காலையில அந்த முட்டியை வச்சுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறீங்க. கடைசி நேரத்துல வேண்டாம்னு சொன்னா அது நல்லாவா இருக்கும்? போட்டுட்டேன். நீங்க குறி போட்ட இடத்துலயெல்லாம் போட்டுட்டேன் தம்பி, ஒண்ணுகூட விடல."

பென்சிலின் கை நின்றுபோயிற்று. துணியை மடித்து மறுபக்கத்தால் மறுபடி துடைக்க ஆரம்பித்தார். மை போகவில்லை.

"டாக்டர் ஏதோ மகள்னாரே, யாரு மகள்?" என்றார் டெய்லர்.

"உங்க மகள்தாண்ணே. போட்டோவுல, நீலக் கவுன்ல..."

"அதுவா? அது யாரோ கஸ்டமர் பொண்ணு. அந்தக் கழுத்து வெட்டு அவ்வளவு நல்லா அமைஞ்சுது, அப்புறம் எனக்கு அந்த மாதிரி வரவேயில்லை. மத்தவங்களுக்கு மாதிரி காட்டலாம்னு மாட்டி வச்சேன். எங்களுக்குப் பிள்ளைங்களே இல்லியே தம்பி."

பென்சில் ஆடிப்போனார்.

"அப்ப நீங்க எங்கண்ணே போவீங்க?"

டெய்லருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது.

"அதுக்கும் எங்கயாவது பாத்து வச்சிருப்பீங்கன்னுல்ல நினைச்சேன்."

சட்டைப் பையில் போன் அடித்தது. குழாய் ஒழுகுகிற அந்தக் குடும்பம். பென்சில் அதை அணைத்தார். 'கவலைப்படாதீங்கண்ணே, நான் பாத்துக்கறேன்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முப்பத்தோரு வருஷப் பழக்கம், லேசில் போகுமா? விழுங்கிக்கொண்டார்.

"அண்ணே, டாக்டர் வீடு பாக்க வந்த அன்னைக்கு, ஜன்னல்னு ஏதோ ஆரம்பிச்சீங்களே. நான்தான் பேச விடல. என்ன சொல்ல வந்தீங்க?"

டெய்லர் வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்தார். அங்கே தனக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தேடுகிற பார்வை. பென்சில் தலையைக் குனிந்துகொண்டு, மடியில் கிடந்த மைத்துணியையே பார்த்தார். நடைவழியில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

"பெரிசா ஒண்ணுமில்ல தம்பி" என்றார் டெய்லர் கடைசியில். "கண்ணு மங்கிப்போச்சு, ஊசியில நூல் கோக்க வராது. அவ இருந்த வரைக்கும் அவதான் கோத்துக் கொடுப்பா. போனதும், இனிமே தைக்க முடியாது, வீட்டை வச்சு என்ன பண்ணன்னு உங்ககிட்ட வாய் விட்டேன். அப்புறம் ஒருநாள் மெஷினை நகத்தி அந்த ஜன்னலோரம் போட்டுப் பாத்தேன். காலைல அங்க ஒரு வெளிச்சம் விழும். நானே கோத்துட்டேன். அதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன்."